ஆங்கிலம் கதைத்தார் என்பதற்காக வீட்டுத் திறப்பைக் கொடுத்தோம்

2022 மாசி மாதம் ஒரு காலை, சீருடை போட்ட இரண்டு பேர் எங்கள் கதவைத் தட்டினார்கள். கழுத்தில் அட்டை, கையில் கருவிப் பை. காஸ் குழாய் காலாவதியாகிவிட்டதாம், ஐந்து வருடப் பரிசோதனை கட்டாயமாம், இப்போதே மாற்றாவிட்டால் அபராதமாம். செம்மஞ்சள் நிறத்தில் 12.5 கிலோ பூட்டேன் சிலிண்டர் வைத்துச் சமைக்கிற வெளிநாட்டவர் வீடுகளில் ஸ்பெயின் முழுக்க நடக்கிற பழைய ஏமாற்று இது. ஐந்து வருடப் பரிசோதனை உண்மைதான். ஆனால் சிலிண்டர் வீடு என்றால் அதற்குரிய ஆளை நாங்கள்தான் கூப்பிட வேண்டும், சும்மா வந்து கதவைத் தட்டமாட்டார்கள். அது எனக்குத் தெரிந்திருந்தது. குழாயில் அச்சடித்திருந்த வருடத்தைக் காட்டி, தெரிந்த நாலு ஸ்பானிஷ் சொல்லையும் உரக்கச் சொல்லி அவர்களைக் கலைத்துவிட்டேன். அன்று பின்னேரம் வரை எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த மாதம் இன்னொருவர் வந்தார். அட்டையும் இல்லை, சீருடையும் இல்லை. "ஆல்ரைட், லவ்?" என்றார். தேத்தண்ணி போட்டுக் கொடுத்து இருக்கச் சொன்னேன்.

நாங்கள் யாழ்ப்பாணத்தில் பிறந்து, கிழக்கு லண்டனில் இருபத்தெட்டு வருடம் உழைத்து, பிரித்தானியக் கடவுச்சீட்டோடு 2019 இல் ஸ்பெயினுக்கு வந்தவர்கள். 2020 முடிவதற்குள் வதிவிடம் பதிந்ததால் பிரெக்சிட்டுக்குப் பிறகும் இருக்க முடிந்தது. இப்போது வருகிறவர்களுக்கு விசா இல்லாவிட்டால் 180 நாளில் 90 நாள்தான். இருப்பது அல்மேரியா மாகாணத்தில், அல்மன்சோரா பள்ளத்தாக்கில். அல்போக்ஸ், அர்போலியாஸ் பக்கமெல்லாம் பிரித்தானியர் நிறைந்த இடம், மார்மைட் கூடக் கடையில் கிடைக்கும். "அங்கே வீடு மலிவாமே, நாங்களும் ஒன்று பார்க்கட்டா?" என்று ஈஸ்ட்ஹாமிலிருந்தும் ஹரோவிலிருந்தும் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். வீடு வாங்குகிற கதையில் எங்களுக்குப் பிழை வரவில்லை. வழக்கறிஞர் வைத்தோம், காணிப் பதிவகத்தில் 'நோத்தா சிம்ப்ளே' எடுத்துக் கடன் இல்லை என்று பார்த்தோம், நொத்தாரிசு முன்னால் உறுதி முடித்தோம். பிழை விட்டது வாங்கின பிறகு.

வாதுமை மரங்களுக்கு நடுவே பழைய கல் வீடு. மகளும் பேரப்பிள்ளைகளும் வந்தால் படுக்க ஒரு அறை, அதோடு ஒட்டிக் குளியலறை, மொட்டைமாடிக்கு நீர் கசியாத பூச்சு. இவ்வளவுதான் தேவை. ஊரில் ஸ்பானிய மேசன்மார் இருந்தார்கள். ஒருவர் வந்து பார்த்தும் போனார். கட்டடக் கலைஞரின் வரைபடம் வேண்டும், நகரசபை அனுமதி வேண்டும், இந்தக் காணியில் புது அறைக்கு அனுமதி கிடைப்பதே கஷ்டம் என்று கையை விரித்துக் காட்டிவிட்டுப் போனார். பாதிதான் விளங்கியது. விளங்கின பாதியும் எங்களுக்குப் பிடிக்கவில்லை.

தேத்தண்ணி குடித்தவர் எல்லாவற்றுக்கும் "நோ ப்ராப்ளம்" என்றார். ரோம்ஃபோர்டில் வளர்ந்தவராம். தமிழ்க் கடைக்காரர்களுக்கு லண்டனில் நிறைய வேலை செய்து கொடுத்திருக்கிறாராம், உழைப்பாளிச் சனமாம். என் மனுசன் அதிலேயே விழுந்துவிட்டார். எனக்கோ, மூன்று வருடமாகக் கையால் சாடை காட்டி வாழ்ந்த பிறகு, தாழ்ப்பாளுக்கும் பிணைச்சலுக்கும் பெயர் சொல்லிக் கதைக்க ஒரு ஆள் கிடைத்ததே பெரிய ஆறுதலாக இருந்தது.

26,000 யூரோ என்று வட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினார். எந்தச் சீமெந்து, எத்தனை சதுர மீற்றர், எந்தத் தேதிக்கு முடியும், ஒன்றும் இல்லை. இங்கே முறையான ஆள் 'பிரசுப்புவெஸ்தோ' என்று எழுத்தில் மதிப்பீடு தந்து கையெழுத்து வாங்குவார், வேலைக்கேற்ற மாதிரிப் பகுதி பகுதியாகக் காசு கேட்பார், 'ஃபக்தூரா' என்கிற பற்றுச்சீட்டுத் தருவார். எங்கள் ஆள், "பற்றுச்சீட்டு வேண்டாம் என்றால் 21 வீத வரி மிச்சம்" என்றார். யார்தான் வேண்டாம் என்பார்கள்? சித்திரையில் 6,000, வைகாசியில் 7,000, ஆடிக் கடைசியில் "உக்ரைன் யுத்தத்தால் சீமெந்து விலை ஏறிவிட்டது" என்று 4,500. மொத்தம் 17,500 யூரோ, முழுவதும் காசாக, கடித உறைக்குள் வைத்து.

2021 ஆடியிலிருந்து ஸ்பெயினில், ஒரு பக்கம் தொழில்செய்பவர் என்றால் 1,000 யூரோவும் அதற்கு மேலும் காசாகக் கொடுக்கக் கூடாது. முன்பு எல்லை 2,500 ஆக இருந்தது. துண்டு துண்டாகக் கொடுத்தாலும் ஒரே வேலை என்றால் கூட்டித்தான் கணக்குப் பார்ப்பார்கள். வாங்கினவருக்கு மட்டுமல்ல, கொடுத்தவருக்கும் குற்றம். கொடுத்த தொகையில் 25 வீதம் அபராதம். இது எங்களுக்குத் தெரியாது. அவருக்கு நன்றாகத் தெரியும். பிறகு யோசித்துப் பார்த்தால், அவருடைய காப்புறுதியே அதுதான்: நாங்கள் வாய் திறந்தால் நாங்களும் மாட்டுவோம்.

அனுமதிப் பத்திரத்தின் கதை இன்னும் மோசம். ஸ்பெயினில் கட்டட வேலை இரண்டு வகை, 'ஒப்ரா மெனோர்', 'ஒப்ரா மயோர்'. மயோர் என்றதும் நகரபிதா கையெழுத்துப் போடுவதாக்கும் என்று நான் நினைத்திருந்தேன், சிரிக்காதீர்கள். மெனோர் சின்ன வேலை, மயோர் பெரிய வேலை, அவ்வளவுதான். புது அறை கட்டுவது மயோர். அதற்குக் கட்டடக் கலைஞரின் திட்டம், மேற்பார்வை, நகரசபையின் எழுத்து அனுமதி எல்லாம் வேண்டும். எங்கள் ஆள் ஒரு தாளைக் கொண்டுவந்து, "இதில் போடு, லவ்" என்று என்னிடம் கையெழுத்து வாங்கினார். இரண்டு நாளில் அதே தாளில் நீல முத்திரையோடு வந்து "பெர்மிட் வந்தாச்சு" என்றார். குளிரூட்டிப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டி வைத்தேன். ஏழு மாதம் தொங்கியது.

அந்த முத்திரை, விண்ணப்பம் கிடைத்தது என்பதற்கான முத்திரை. விண்ணப்பத்தில் இருந்தது, குளியலறை ஓடு மாற்றப் போகிறேன் என்று நான் கொடுத்த உறுதிமொழி. அறை பற்றி ஒரு சொல் கிடையாது. போனில் படம் பிடித்து மொழிபெயர்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். கண்ணுக்கு முன்னால் ஆங்கிலத்தில் விளக்கம் சொல்ல ஒரு ஆள் நிற்கும்போது போனை எடுக்கத் தோன்றவில்லை.

ஆனியில் மருமகளின் கலியாணத்துக்கு மூன்று கிழமை லண்டன் போனோம். திறப்பை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனோம். வந்து பார்த்தால் அறை எழும்பி நின்றது, மொட்டைமாடி செக்கச் செவேல் என்று பளபளத்தது. பக்கத்துத் தோட்டத்து அம்மா வேலியோரம் வந்து, புது அறையைக் காட்டி, பெருவிரலைச் சுட்டுவிரலோடு உரசி, "பப்பேலஸ்?" என்று கேட்டார். பத்திரம் இருக்கிறதா என்று. "சீ, சீ" என்றேன், ஸ்பானிஷில் ஆம், ஆம் என்று. அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

முதலில் கரண்ட். எங்கள் வீட்டு இணைப்பு 3.45 கிலோவாட். லண்டனிலிருந்து கொண்டுவந்த கேத்தல் மட்டுமே 3 கிலோவாட் இழுக்கும், அதோடு ஓவனையும் போட்டால் ட்ரிப் சுவிட்ச் விழும். அதற்கு நாங்கள் பழகிவிட்டோம். புது அறையின் குளிரூட்டியையும் தண்ணீர்ச் சூடாக்கியையும் அவர் பழைய சமையலறை வயரிலேயே கொடுத்திருந்தார். குளிக்கும்போது இவருக்குக் கை சுள்ளென்றது. அங்கீகாரமுள்ள மின்னியலாளரைக் கூப்பிட்டோம். எர்த் வயரே இழுக்கவில்லை. இப்படி இருக்கும்வரை 'போலத்தீன்' என்கிற சான்றிதழில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். அது இல்லாமல் இணைப்பைக் கூட்டவும் முடியாது.

ஆவணியில் நம்ம ஆள் "இங்கிலாந்துக்கு லீவு" போனார். புரட்டாதியில் மழை வந்தது.

அல்மேரியாவைத் தெரியாதவர்களுக்கு: ஐரோப்பாவின் வறண்ட இடங்களில் ஒன்று இது, தபெர்னாஸ் பாலைவனம் இதே மாகாணத்தில்தான் இருக்கிறது. கோடை முழுக்க ஒரு துளி விழாது. கூரை வேலை செய்துவிட்டுக் காசோடு போகிறவருக்கு இதைவிட வசதி வேறு என்ன? வாய்க்கால் பக்கம் சாய்வு கொடுத்து, தார்த் தாளைச் சூட்டில் ஒட்டி, சுவரில் ஒரு சாண் ஏற்றி மடிக்க வேண்டிய இடத்தில், தூசியைக்கூடக் கூட்டாமல் சிவப்பு ரப்பர் பெயின்ற் உருட்டியிருந்தார். முதல் மழையிலேயே தோல் உரிந்த மாதிரிக் கையோடு வந்தது. ஊரில் கொங்கிறீட் போட்டால் மேலே தண்ணி கட்டி விடுவார்கள் என்று தெரியாத யாழ்ப்பாணத்தார் உண்டா? வாய்க்காலை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணி கட்டிப் பார்த்துவிட்டுத்தான் கடைசிக் காசு என்று சொல்லியிருந்தால் போதும். இவர் சொல்ல நினைத்தாராம். "இங்கிலீஷ்காரனிடம் எப்படிக் கேட்கிறது?" என்று விட்டாராம். இருபத்தெட்டு வருடம் அவர்களோடு வேலை செய்த மனுசன்!

ஐப்பசி முதல் கிழமை நகரசபைக் கடிதம். வேலையை நிறுத்து, இரண்டு மாதத்துக்குள் சட்டப்படியாக்க விண்ணப்பி. இந்தப் பள்ளத்தாக்கில் அப்படிக் கடிதம் வந்தால் எல்லாருக்கும் இதே மாகாணத்து வேரா என்கிற ஊர் ஞாபகம் வரும். 2008 தையில் அங்கே ஒரு பிரித்தானியத் தம்பதியின் வீட்டை இயந்திரம் கொண்டு இடித்தார்கள். அவர்களிடம் நகரசபை கொடுத்த அனுமதியே இருந்தது, மாகாணங்களுக்கு மேலுள்ள அந்தலூசிய அரசு அதை எதிர்த்து ரத்தாக்க வைத்தது. அனுமதியோடு கட்டினவர்களுக்கே அந்தக் கதி என்றால், ஓடு மாற்றுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அறை கட்டின எங்களுக்கு?

கட்டடக் கலைஞர் வந்து பார்த்தார். எங்கள் காணி 'ரூஸ்திக்கோ', விவசாய நிலம், இந்த அறையைச் சட்டப்படியாக்க வழியில்லை என்றார். அத்திவாரத்தை ஒரு மூலையில் தோண்டிப் பார்த்துவிட்டு, "சட்டம் விட்டாலும் நான் இதற்குள் படுக்கமாட்டேன்" என்று சொன்னார். 2023 மாசியில் எங்கள் செலவிலேயே இடித்தோம். இடிபாடு ஏற்றும் தொட்டியோடு சேர்த்து 3,900 யூரோ. பேத்திக்காக ஒரு சுவருக்கு நானே மஞ்சள் பூசியிருந்தேன். அதைத் தட்டும்போது நான் கடைக்குப் போய்விட்டேன்.

காசைத் திருப்பி வாங்கப் பட்ட பாடு. நகரசபைக் கடிதம் வந்த கையோடேயே போனோம். பத்திர வேலை செய்து தருகிற கெஸ்தோரியாவில் ஒரு அம்மா, "கையெழுத்துப் போட்ட மதிப்பீடு? பற்றுச்சீட்டு? அவருடைய வரி எண்?" என்று வரிசையாகக் கேட்டார். இல்லை, இல்லை, இல்லை. ஸ்பெயினில் 1999 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் புதுக் கட்டடத்துக்கு முடிப்பு வேலைக் குறைகளுக்கு ஒரு வருடமும், குடியிருப்புக்கு இடைஞ்சலான குறைகளுக்கு மூன்று வருடமும், கட்டமைப்புக்குப் பத்து வருடமும் பொறுப்பு வைக்கிறது. ஆனால் யாருடைய பொறுப்பு? காகிதத்தில் அப்படி ஒரு ஆளே இல்லை. தபால்கந்தோரில் 'புரோஃபக்ஸ்' அனுப்பினோம், என்ன எழுதினோம் என்பதற்கும் சாட்சியாக நிற்கிற பதிவுக் கடிதம் அது. வாடகை வீட்டு முகவரி, ஆள் இல்லை என்று திரும்பியது. சிவில் கார்ட் என்கிற பொலிசில் முறைப்பாடு எழுதிக் கொண்டார்கள். தூதரகம் ஆங்கிலம் பேசும் வழக்கறிஞர் பட்டியல் தரும், தனியார் தகராறில் தலையிடாது.

காசு கொடுத்த குற்றத்துக்குப் பயந்து நான் சில விசயங்களை மறைத்துத்தான் கதைத்தேன். அந்த அம்மாவே அதைப் பிடித்தார். கொடுத்து மூன்று மாதத்துக்குள் தானாகப் போய் வரி அலுவலகத்தில் சொல்கிறவருக்கு அபராதம் இல்லையாம். ஆடிக் கடைசிக் கொடுப்பனவுக்கு இன்னும் நாள் இருந்தது. எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தோம். எங்களுக்கு இதுவரை அபராதக் கடிதம் வரவில்லை. உங்களில் யாராவது இதே நிலையில் வாய் மூடி இருந்தால், நாட்காட்டியைப் பாருங்கள்.

அவரிடம் கூலிக்கு நின்ற மொரோக்கோப் பையன் ஒருநாள் வந்தான். ஆளைத் தேடித்தான் வந்திருக்கிறான், அவனுக்கும் மூன்று கிழமைக் கூலி பாக்கி. இவருடைய அரைகுறை ஸ்பானிஷும் அவனுடைய அரைகுறை ஸ்பானிஷுமாக வாசலில் ஒரு மணித்தியாலம் இருந்து கதைத்தார்கள். அவன் சாய்வு வேண்டும் என்று அப்போதே சொன்னானாம். "இங்கே மழை பெய்யாது" என்று பதில் வந்ததாம். இப்போது அவன் முதலில் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போன அந்த ஸ்பானிய மேசனோடு வேலை செய்கிறான். மொட்டைமாடியை அவர்கள்தான் திருப்பிச் செய்தார்கள். எழுத்தில் மதிப்பீடு, வங்கியில் கொடுப்பனவு, தார்த் தாள், ஒரு நாள் தண்ணி கட்டல்.

போன கிழமை மார்மைட் வாங்கப் போன கடையின் அறிவித்தல் பலகையில் ஒரு புது அட்டை. வேறு பெயர், வேறு எண். "ஆங்கிலக் கட்டட வேலைக்காரர், எந்த வேலையும் சிறிதல்ல, வரி இல்லை." மாதிரிக்கு ஒரு படமும் ஒட்டியிருந்தது. செக்கச் செவேல் என்று ஒரு மொட்டைமாடி, மூலையில் என் கருவேப்பிலைச் சட்டி.