வண்டி போனது, பாக்கி நின்றது: ஒரேயடியாகத் தீர்ப்பதா, தவணையில் அடைப்பதா?

சரக்கு வேனை நிதி நிறுவனத்தார் எடுத்துச் சென்ற அன்று, கடனும் அதோடு ஒழிந்தது என்றுதான் நினைத்தேன். சில மாதங்கள் கழித்துக் கடிதம் வந்தது. வண்டி ஏலத்தில் போய்விட்டது, வந்த தொகையைக் கழித்துக்கொண்டோம், மீதியை 15 நாளில் கட்டவும் என்றது. ஏலத்தில் கிடைத்திருந்ததோ பாக்கியில் பாதிக்குச் சற்றே மேல். ஒரு தொகையைப் பேசி முடித்து மொத்தமாகக் கட்டுவதா, முழுப் பாக்கியையும் தவணையில் அடைப்பதா என்று நெடுநாள் குழம்பிய பிறகு தவணையைத் தேர்ந்தேன். இன்றைக்கும் அதன் பக்கம்தான் நிற்கிறேன்.

எந்த வழியில் போவதானாலும் முதலில் கணக்கை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அசல் பாக்கி, வட்டி, அபராத வட்டி, வண்டியை எடுத்த செலவு, நிறுத்திவைத்த வாடகை, ஏலச் செலவு என்று எல்லாவற்றையும் கூட்டி, விற்ற தொகையைக் கழித்தால் வருவதுதான் மீதி. எனக்கு வந்த கணக்கில் யார்டு வாடகை 94 நாளுக்குப் போட்டிருந்தார்கள். அதே உறையிலிருந்த விற்பனைத் தாளோ, 61ஆம் நாளே வண்டி வாங்கியவர் கைக்குப் போய்விட்டதாகச் சொன்னது. இரண்டு தாள்களிலும் தேதிகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டு அனுப்பினேன். அடுத்த கடிதத்தில் 33 நாள் வாடகை குறைந்திருந்தது.

வண்டியை எடுத்த விதத்தையும் விற்ற விதத்தையும் பார்க்க வேண்டும். பிரிட்டனின் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டப்படி, தவணைக் கொள்முதலில் மொத்த விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டிவிட்டவரிடமிருந்து, அவர் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் வண்டியை எடுக்க முடியாது. மீறி எடுத்தால் ஒப்பந்தமே முடிந்துபோகும். மீதி என்ற பேச்சுக்கே இடமில்லை. அமெரிக்காவில் விற்பனை வணிக நியாயத்தோடு நடந்திருக்க வேண்டும் என்பது விதி. அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டிருந்தால் அதைக் காட்டி வாதாடலாம்.

கட்டாமலே காலத்தை ஓட்டிவிடலாம் என்றும் சிலர் சொன்னார்கள். வழக்குப் போடுவதற்குக் காலக்கெடு உண்டு என்பது உண்மை: இந்தியாவில் பொதுவாக 3 ஆண்டு, இங்கிலாந்தில் 6 ஆண்டு. ஆனால் அந்தக் கெடுவுக்குள் வழக்கு வராது என்று யார் உறுதி சொல்வது? இடையில் சிறு தொகை கட்டினாலோ, பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தாலோ காலக்கெடு புதிதாகத் தொடங்கிவிடும். வேறு கடன்களும் கழுத்தை நெரிக்கிறவர்களுக்குத் திவால் மனு என்ற வழி இருக்கிறது. அதில் நான் நடந்ததில்லை. அதற்கு வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும்.

மொத்தத் தீர்வின் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. கணிசமான தள்ளுபடி கிடைக்கலாம். தொலைபேசி அழைப்புகள் நின்றுவிடும். ஆனால் நாம் வாங்கிய கடன்களையும் கட்டிய விதத்தையும் காட்டும் கடன் அறிக்கையில் ‘முடிக்கப்பட்டது’ என்று வராமல், குறைத்துத் தீர்க்கப்பட்டது என்று வரும். அடுத்து கடன் கொடுப்பவர் அந்த வேறுபாட்டைப் பார்ப்பார். அமெரிக்காவில் தள்ளுபடியான தொகையே பொதுவாக வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கணக்கில் ஏறும்.

இவற்றையெல்லாம் கூட நான் பொறுத்திருப்பேன். என்னைத் தடுத்தது ஜாமீன் கையெழுத்து. கடன் வாங்கும்போது எனக்காகக் கையெழுத்துப் போட்டவர் அத்தான். வண்டி போன பிறகு வசூல் முகவர் அவரை வேலையிடத்தில் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். இரண்டு வாரம் அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா சொல்லித்தான் தெரிந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் கட்டாததற்கு அவர் ஏன் தலைகுனிய வேண்டும்?

தீர்வுக் கடிதத்தின் வரைவை வாங்கிப் படித்தேன். கடன் வாங்கியவரின் பொறுப்பு இத்துடன் முடிகிறது என்று இருந்தது. ஜாமீன்தாரரைப் பற்றி ஒரு சொல் இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, கடனாளியை விடுவித்தால் ஜாமீன்தாரரும் விடுபடுவார் என்கிறது. ஆனால் அந்த உரிமையை முன்கூட்டியே விட்டுக்கொடுக்கும் வாசகம் ஜாமீன் படிவங்களில் இருப்பதுண்டு. அத்தான் கையெழுத்திட்ட தாளிலும் இருந்தது. அவர் பெயரைச் சேர்க்கச் சொன்னேன். சேர்க்கலாம், ஆனால் குறைத்துத் தீர்த்த குறிப்பு இருவர் அறிக்கையிலும் ஏறும் என்றார்கள். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்க இருந்தவரின் பெயரில் என் தள்ளுபடிக்கான கறையை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

தவணைக்கு ஒப்புக்கொண்டபோது ஒரே ஒரு நிபந்தனையில் பிடிவாதமாக நின்றேன்: ஒப்பந்த நாளிலிருந்து வட்டி நிற்க வேண்டும், அது எழுத்தில் இருக்க வேண்டும். இது இல்லாவிட்டால் தவணையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மீதி ஒரு லட்சம், மாத வட்டி 2 சதவீதம் என்று வையுங்கள். மாதம் 2,000 கட்டுகிறவருக்கு எத்தனை ஆண்டு கட்டினாலும் அசல் துளியும் குறையாது. வாய்மொழியாகச் சொன்ன அதிகாரி மாறிப்போனால் அந்த வாக்கும் அவரோடு போய்விடும். எனக்கு எழுத்தில் வந்து சேர மூன்று முறை நேரில் போக வேண்டியிருந்தது. பிறகு 18 தவணை, ஒன்றும் தவறாமல் கட்டினேன். பழைய தாமதங்களின் பதிவு என் அறிக்கையில் இன்னும் கிடக்கிறது; அதைத் தவணை அழிக்கவில்லை.

ஜாமீன் என்று யாருமில்லை, கையில் மொத்தமாகப் பணமும் இருக்கிறது என்றால் மொத்தத் தீர்வு நல்ல வழியாகவே இருக்கலாம். ஆனால் அதற்காக வட்டிக்கு வாங்காதீர்கள்; கடிதம் கைக்கு வருமுன் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

கடைசித் தவணை கட்டியதும் நிலுவையில்லாச் சான்று இரண்டு கேட்டேன், என் பெயரில் ஒன்று, அத்தான் பெயரில் ஒன்று. அவருடையதில் முதலெழுத்து தவறாக இருந்தது. திருத்தி வாங்க இன்னும் ஒன்பது நாள் ஆனது. அதன் பிறகுதான் அவர் வீட்டுக்குப் போனேன்.