லாஸ் வேகாஸா, பக்கத்து ஊர் கேசினோவா?

அமெரிக்காவில் சூதாடுவதற்கென்று லாஸ் வேகாஸ் வரை போன காலம் மாறிவிட்டது. பென்சில்வேனியா மாநிலம் 2004-ல் சட்டம் போட்டு, பொத்தானை அழுத்தி ஆடும் சூதாட்டப் பெட்டிகளான ஸ்லாட் இயந்திரங்களை அனுமதித்தது. பிலடெல்பியாவை ஒட்டிய பென்சலேமில் குதிரைப் பந்தய மைதானத்தின் பக்கத்திலேயே பார்க்ஸ் கேசினோ இருக்கிறது. வேலை முடிந்து போய்விட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். அப்படியிருக்க, விமானம் ஏறி வேகாஸ் போவதில் என்ன லாபம்?

ஆடாதவர்களுக்கு நிறையவே உண்டு. பெலாஜியோ ஓட்டல் வாசலில் நீரூற்று ஆட்டத்தைக் காசு கொடுக்காமல் பார்க்கலாம். நிகழ்ச்சிகள், சாப்பாடு, காரில் போய்வர கிராண்ட் கேன்யன் என்று ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவுக்கும் பொழுது போகும். பெரிய கேசினோ ஓட்டல்கள் வரிசையாக நிற்கும் வேகாஸின் முக்கியச் சாலைக்கு ஸ்டிரிப் என்று பெயர்; அந்த ஓட்டல்களின் வருமானத்தில் பெரும்பங்கு இன்று சூதாட்டத்துக்கு வெளியிலிருந்துதான் வருகிறது. அதனால் அறை வாடகைக்கு மேல் தினமும் ரிசார்ட் கட்டணம், பல இடங்களில் பார்க்கிங்குக்கும் தனிக் காசு. சிறிய கேசினோக்களில் பெரும்பாலும் பார்க்கிங் இலவசம்.

ஆடுகிறவர்கள் பார்க்க வேண்டியது மேசை விரிப்பை. 21 புள்ளியை எட்டப் பார்க்கும் சீட்டாட்டமான பிளாக்ஜாக் மேசையில் ‘3-க்கு 2’ அல்லது ‘6-க்கு 5’ என்று அச்சிட்டிருக்கும். 10 டாலர் கட்டி, முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் (அந்தக் கைக்கும் பிளாக்ஜாக் என்றுதான் பெயர்) முதல் மேசையில் 15 டாலர் கிடைக்கும், இரண்டாவதில் 12 தான். அந்தக் கை ஏறக்குறைய 21 ஆட்டத்துக்கு ஒருமுறை வரும். கணக்குப் போட்டால், கட்டும் ஒவ்வொரு 100 டாலருக்கும் சுமார் 1.40 டாலர் கூடுதலாகக் கேசினோவுக்குப் போகிறது. ஸ்டிரிப்பில் குறைந்த பந்தய மேசைகளில் இந்த 6-க்கு 5 பரவிவிட்டது. சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பந்தயம் கட்டும் ரூலெட்டில், மூன்று பூஜ்யம் வைத்த சக்கரமும் அங்கே உண்டு. அதில் கேசினோவின் பங்கு 7.69 சதவீதம், இரண்டு பூஜ்யத்தில் 5.26. சிறிய கேசினோ என்றால் விதி நன்றாக இருக்கும் என்றும் நம்பிவிட வேண்டாம். எங்கே போனாலும் விரிப்பைப் படித்துவிட்டு உட்காருங்கள்.

சிறிய இடங்களில் ஆடம்பரம் குறைவாக இருப்பதற்கு வரியும் ஒரு காரணம். பென்சில்வேனியாவில் ஸ்லாட் வருமானத்தில் பாதிக்கு மேல் வரியாகப் போய்விடும். வேகாஸ் இருக்கும் நெவாடாவில் மாநில வரியின் உச்சமே 6.75 சதவீதம். நியூ ஜெர்சியின் கடற்கரைக் கேசினோ நகரமான அட்லாண்டிக் சிட்டி, வேகாஸுக்கும் பக்கத்து ஊர் கேசினோக்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அண்டை மாநிலங்களில் கேசினோக்கள் திறக்கத் திறக்க அங்கே கூட்டம் கரைந்து, 2014-ல் மட்டும் நான்கு கேசினோக்கள் மூடப்பட்டன.

என்னைக் கேட்டால், ஆட்டத்தில் ஆசை உள்ளவருக்குப் பக்கத்து ஊர் கேசினோதான் ஆபத்து அதிகம். வேகாஸில் 500 டாலர் போனால், அந்தப் பயணத்தோடு சரி. வீட்டுக்கு அருகில் இருப்பதோ வாராவாரம் இழுக்கும். உறுப்பினர் அட்டை வாங்கினால், இலவச ஆட்டக் கூப்பன் வீடு தேடி வரும். அதைச் செலவழிக்கப் போய் கைக்காசையும் விட்டுவிட்டு வருவார்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஊர் சுற்றப் போகிறவர்கள் தாராளமாக வேகாஸ் போகலாம். சனிக்கிழமை தவறாமல் பக்கத்து கேசினோவுக்குப் போகிறவர் வீட்டில் இருந்தால், பென்சில்வேனியாவில் சுயவிலக்குப் பட்டியல் இருக்கிறது என்று அவருக்குச் சொல்லுங்கள். அவரே பெயர் கொடுத்தால், ஓராண்டோ ஐந்தாண்டோ அந்த மாநிலத்துக் கேசினோ எதிலும் நுழைய முடியாது.