ஊர் பேர் தெரியாத மெட்டல் பேண்டுகளைத் தேடி ஒன்பது வருடம்: என் அனுபவம்

2016 கடைசியில் ஜியோ சிம் வாங்கிய கையோடு ஆரம்பித்த பழக்கம் இது. அதுவரை என்னிடம் இருந்த மெட்டல், அதாவது கிடாரும் டிரம்ஸும் இடிக்கிற முரட்டு ராக் இசை, எல்லாம் காலேஜ் ஹாஸ்டலில் பென் டிரைவில் கைமாறி வந்த நாலைந்து பெயர்கள்தான்: மெட்டாலிகா, அயர்ன் மெய்டன், ஸ்லேயர், கொஞ்சம் ஓபெத். 2011 அக்டோபரில் மெட்டாலிகா பெங்களூருக்கு வந்தபோது, சேலத்திலிருந்து நாலு மணி நேரத்தில் போய்விடலாம் என்று தெரிந்தும் அரியர் பரீட்சைக்குப் பயந்து வீட்டிலேயே உட்கார்ந்திருந்தவன் நான். அந்த அரியரும் போனது, அது வேறு கதை.

டேட்டா மலிவானதும் எல்லாரையும் போல ஒரு ஸ்ட்ரீமிங் ஆப்பில்தான் இறங்கினேன். ஆறு மாதம் நன்றாகத்தான் போனது. அப்புறம் பார்த்தால் செக்குமாடு மாதிரி அதே இருபது பேண்டைச் சுற்றிச் சுற்றி வருகிறேன், "உங்களுக்காக" என்று அது எடுத்துக் கொடுப்பதெல்லாம் நான் ஏற்கெனவே கேட்டதன் ஒன்றுவிட்ட தம்பி. ஆப்பைக் குறை சொல்லிப் பயனில்லை, நாம் நிறுத்தாமல் கேட்பதைத்தான் அது கொடுக்கும். நாம் கேள்விப்படாததை நாமே எப்படித் தேடுவது?

எனக்கு வழி விட்டது பாட்டே இல்லாத ஒரு இடம். என்சைக்ளோபீடியா மெட்டாலம், சுருக்கமாக மெட்டல் ஆர்கைவ்ஸ். 2002ல் கனடாவில் இரண்டு பேர் தொடங்கியது, இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேல் பேண்டுகள் இருக்கின்றன, எல்லாம் ரசிகர்களே எழுதிச் சேர்த்தது. ஒரு பேண்டுக்கு ஒரு பக்கம்: எந்த நாடு, எந்த ஊர், எந்த வருடம், உயிரோடு இருக்கிறதா கலைந்துவிட்டதா, என்ன வகை, பாட்டு எதைப் பற்றி, யார் யார் வாசித்தார்கள், அவர்கள் வேறு எங்கே வாசித்தார்கள். அவ்வளவுதான். பழைய டெலிபோன் டைரக்டரி மாதிரி இருக்கும், பார்வைக்கும் ஏறக்குறைய அப்படித்தான். முதல் நாள் பார்த்துவிட்டு "இதை வைத்து என்ன செய்ய" என்று மூடிவிட்டேன். திரும்பிப் போக மூன்று மாதம் ஆனது.

அதில் ஒரு பட்டன் உண்டு, அமுக்கினால் குருட்டாம்போக்கில் ஏதாவது ஒரு பேண்டை எடுத்துப் போடும். ஆரம்பத்தில் எல்லாரும் விழும் குழி அது. நானும் ராத்திரி இரண்டு மணி வரை அமுக்கிக்கொண்டிருந்தேன், பத்துக்கு ஏழு 1990களில் ஒரே ஒரு டெமோ கேசட் போட்டுவிட்டுக் கலைந்துபோன பேண்டுகளாக வந்தன, கேட்கவும் எங்கேயும் கிடைக்காது. அதில் ஒரு சோகச் சுவை இருக்கிறது என்றாலும் பாட்டு கேட்கத்தானே வந்தோம்? ஆக அந்தப் பட்டனை விட்டுவிட்டு நாடு வாரியான பட்டியலுக்குப் போனேன். பிடிமானம் கிடைத்தது அங்கேதான்.

முதலில் சிங்கப்பூரைத் திறந்தேன், காரணம் ஒன்றும் பெரிதில்லை, பெரியப்பா பையன் அங்கே வேலையில் இருந்தான். ருத்ரா என்று ஒரு பேண்ட், 1992ல் தொடங்கியது, சமஸ்கிருதமும் ஆங்கிலமும் கலந்து டெத் மெட்டல் (உறுமும் குரலில் பாடுவது), தங்கள் இசைக்கு அவர்களே வைத்துக்கொண்ட பெயர் வேதிக் மெட்டல். வாசிப்பவர்கள் பட்டியலைப் பார்த்தால் கதிர், சிவா. நம் தெருவில் கூப்பிடும் பெயர்கள்! நான் நார்வேக்காரன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்த அத்தனை வருடமும் இவர்கள் அங்கே ஆல்பம் மேல் ஆல்பமாகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள், எந்த ஆப்பும் எனக்கு இவர்களைக் காட்டவில்லை. 2005ல் வந்த 'பிரம்மவித்யா: பிரைமார்டியல் 1' ஆல்பத்தில் தொடங்குங்கள். ஒலிப்பதிவு பளபளப்பாக இருக்காது, ஆனால் உபநிடத வரியை அந்தக் குரலில் கேட்கும்போது கோயில் ஸ்பீக்கரில் கேட்ட அதே சொற்களா என்று தோன்றும்.

அதே சிங்கப்பூர் பட்டியலில்தான் வோர்ம்ராட்டும் கிடைத்தது. கிரைண்ட்கோர், அதாவது மின்னல் வேகத்தில் இடிக்கும் இசை, பெரும்பாலான பாட்டு இரண்டு நிமிடத்தைத் தாண்டாது. 2022ல் வந்த 'ஹிஸ்' ஆல்பத்தை வீட்டில் ஸ்பீக்கரில் போட்டேன். நாங்கள் அம்மாப்பேட்டை, வீட்டோடு நாலு விசைத்தறி, சத்தம் எங்களுக்குப் புதிதில்லை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "கண்ணு, நாடா எங்கயோ தட்டுது பாரு, சீரா ஓடலையே" என்றார், தறியில் குறுக்கே ஓடும் நாடாவைச் சொல்கிறார். சரியாக அந்த இடத்தில் டிரம்ஸ் தாளம் மாறியிருந்தது. நாற்பது வருடம் தறிச் சத்தத்தை வைத்தே கோளாறு கண்டுபிடித்த காது அது. அன்றிலிருந்து புது பேண்ட் ஏதாவது வாங்கும் முன் டிரம்ஸ் எப்படி என்று அவரிடம்தான் கேட்பது. "இது நல்லா ஓடுது" என்றால் எடுக்கலாம்.

சரி, நாட்டுப் பட்டியலை அடுத்து நான் கற்றுக்கொண்ட வழி, ஆளைப் பிடித்துக்கொண்டு போவது. ஒரு உதாரணம். ஃபாரோ தீவுகள் என்று வட அட்லாண்டிக்கில் ஒரு இடம், மொத்த மக்கள்தொகையே ஐம்பதாயிரத்துச் சொச்சம், சேலத்தில் நாலு வார்டு சேர்ந்தால் அவ்வளவு வரும். அங்கே ஹாம்ஃபேர் என்று ஒரு டூம் மெட்டல் (மெதுவான, கனமான வகை) பேண்ட், தங்கள் சொந்த மொழியிலேயே பாடுகிறார்கள். கடலில் செத்துப்போன மாலுமி தன் வீட்டாருக்குத் தென்படுவதற்கு அந்த ஊரில் உள்ள சொல்தான் பேண்டின் பெயர். 2018ல் வந்த 'டாம்சின்ஸ் லீகம்' கேட்டுவிட்டு அந்தப் பாடகர் யோன் ஆல்டராவின் பெயரை அமுக்கினேன். அவர் பின்லாந்தின் பேரன் எர்த் பேண்டிலும் பாடியிருக்கிறார், அதில் பேஸ் கிடார் வாசிப்பவர் அதே நாட்டு அமார்ஃபிஸ் பேண்டுக்காரர். டென்மார்க்கின் அயோட்டன் பேண்டிலும் அதே குரல், 2021ல் 'ஆக்சஸ் ஆல் வேர்ல்ட்ஸ்' என்று ஓர் ஆல்பம், அந்த வருடம் நான் அதிகம் கேட்டது அதைத்தான். ஒரு ஆள், மூன்று நாடு, மூன்று விதமான இசை. ஆப் எனக்கு ஒலி ஒத்துப்போகும் பேண்டுகளைத்தான் கொடுத்தது. ஆளைப் பிடித்துப் போனால் ஒலி மாறும், ருசி மாறாது. சொந்தக்காரர் வழியாகப் பெண் பார்ப்பது மாதிரி, கொஞ்சம் நம்பிக்கையோடு போகலாம்.

விமர்சனங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டு ரசிகர்கள் எழுதுகிறார்கள். 95 போட்டவர் எழுதியதை நான் படிப்பதே இல்லை, அது ரசிகர் மன்ற போஸ்டர். 35 போட்டவரைப் படியுங்கள். "பன்னிரண்டு நிமிடம் ஒரே ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கு), தூக்கம் வருகிறது" என்று திட்டியிருந்தார் என்றால் அது எனக்கானது. உங்களுக்கு எது பிடிக்காது என்று தெரிந்தால் போதும், திட்டு எல்லாம் சிபாரிசாக மாறிவிடும்.

மெட்டல் எது, மெட்டல் இல்லாதது எது என்பதில் அங்கே ரொம்பக் கறார், உலகமே அறிந்த ஸ்லிப்நாட்டுக்கே பக்கம் கிடையாது. அதனால் அதில் இல்லை என்றால் நல்ல பேண்ட் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னொன்று இதைவிட முக்கியம்: பிளாக் மெட்டல் (அலறும் குரல், இருண்ட இசை) பக்கம் போகிறவர்கள் "பாட்டின் கருப்பொருள்" என்ற வரியைக் கட்டாயம் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். நாஜி கொள்கை பேசும் பேண்டுகள் அந்த வகையில் உண்டு, ஆர்கைவ்ஸ் அவற்றை நீக்குவதில்லை, என்ன பாடுகிறார்கள் என்று எழுதி வைத்துவிடும். எனக்கு மொழி புரியாமல் ஒரு கிழக்கு ஐரோப்பிய பேண்டை இரண்டு மாதம் ரசித்துக் கேட்டுவிட்டு அப்புறம்தான் அந்த வரியைப் படித்தேன். போனிலிருந்து அழித்தேன், ஆனால் அந்த ரிஃப் மட்டும் மண்டையை விட்டுப் போகவில்லை, எரிச்சலாக இருந்தது.

கேட்பதும் வாங்குவதும் பேண்ட்கேம்பில், பேண்டுகளே தங்கள் பாட்டை ரசிகர்களுக்கு விற்கும் இணையதளம் அது. அநேகமாக முழு ஆல்பத்தையும் காசு கொடுக்கும் முன்பே கேட்டுப் பார்க்கலாம், வாங்கினால் ஒலித்தரம் குறையாத ஃபிளாக் கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம், சில பேண்டுகள் "உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" என்று விட்டிருப்பார்கள். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் பேண்ட்கேம்பின் பங்கு, 2020 மார்ச்சில் கொரோனா சமயத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பங்கையும் விட்டுக்கொடுத்தார்கள், அதிலிருந்து சில மாதங்களின் முதல் வெள்ளி அப்படி நடக்கிறது. கவனிக்க வேண்டியது, அந்த வெள்ளி அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி. நமக்கு வெள்ளி மதியம் பன்னிரண்டரைக்கோ ஒன்றரைக்கோதான் தொடங்கும், சனி மதியம் வரை நேரம் இருக்கிறது. நான் முதல் தடவை வியாழன் நள்ளிரவே கண் விழித்து வாங்கி, பேண்டுக்குப் போக வேண்டிய பங்கை வீணாக்கினேன்.

மாதம் எண்ணூறு ரூபாய், அதற்கு மேல் இல்லை என்று வைத்திருக்கிறேன். ஒரு ஆல்பம், சில மாதம் இரண்டு. முதலில் என் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறக்காமல் வங்கியில் மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன், "எதுக்கு சார் இது" என்று கேட்ட ஊழியரிடம் பாட்டு வாங்க என்றதற்கு அவர் பார்த்த பார்வை இருக்கிறதே. டி-சர்ட் மட்டும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்காதீர்கள். எனக்கு ஒன்று வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகி, வந்து சேர்ந்தபோது கட்டச் சொன்ன வரியும் அஞ்சல் செலவும் சேர்ந்து சட்டை விலையைத் தாண்டிவிட்டது. அளவும் சரியில்லை, தம்பி போட்டுக்கொண்டு சுற்றுகிறான்.

ஏன் இறக்கி வைத்துக் கேட்க வேண்டும் என்றால், என் வேலை அப்படி. ஏற்காட்டில் விடுதிகளுக்கு சிசிடிவியும் வைஃபையும் மாட்டிக் கொடுக்கிறேன், வாரம் ஒரு தடவையாவது மலை ஏறுவேன். அடிவாரம் தாண்டி கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்ததும் சிக்னல் வரும் போகும், இருபது வளைவு முடியும் வரை ஸ்ட்ரீமிங்கை நம்பினால் தலைவலிதான். போனில் இருக்கும் ஆல்பம் ஒன்றை பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து தட்டாமல் தாவாமல் முழுதாகக் கேட்க இந்த வளைவுகள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தன. வீட்டில் என்றால் மூன்றாவது பாட்டிலேயே கை அடுத்ததற்குப் போய்விடும்.

ருமேனியாவின் நெகுரா புன்ஜெட் எனக்குப் பிடிபட்டது அப்படித்தான். 2006ல் வந்த 'ஓம்' ஆல்பத்தை வீட்டில் இரண்டு தடவை பாதியில் விட்டிருந்தேன். ஒரு மார்கழியில் மதியம் மூன்று மணிக்கே பனி இறங்கி, டிரைவர் விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்துகொண்டிருந்தார், வேறு வழியில்லாமல் அது ஓடியது. கிடார் அடங்கும் இடத்தில் டோக்கா சத்தம் வருகிறது, அங்கே கிறிஸ்தவ மடங்களில் மணிக்குப் பதிலாகத் தட்டும் மரப்பலகை. பேண்டின் பெயருக்கே அடர்ந்த காட்டுக்குள்ளிருந்து வரும் கரும்பனி என்றுதான் பொருளாம், அது எனக்கு அப்புறம்தான் தெரியும். கதை விடுகிறான் என்று நினைப்பீர்கள், பரவாயில்லை. மேலே காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் என் மாமாவிடம் இயர்போனில் ஒரு பக்கத்தைக் கொடுத்தேன். மனிதர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "கத்துறதை எடுத்துட்டா நல்லாருக்கு மாப்ள" என்றார். கத்தலை விட்டுவிட்டு பலகைச் சத்தம் வரும் இடத்தை மட்டும் அவர் போனில் வெட்டிப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

சொல்ல ஆரம்பித்தால் இப்படிப் போய்க்கொண்டே இருக்கும். சவுதியின் அல்-நம்ரூத், 2008ல் தொடங்கியது, ஊத், கானூன் என்ற அரபு தந்தி வாத்தியங்கள் எல்லாம் வைத்து பிளாக் மெட்டல், உறுப்பினர்கள் யார் என்றே வெளியில் தெரியாது, தெரிந்தால் உள்ளூரில் ஆபத்து; ஆல்பம் வெளியிடுவது கனடாவில் ஒரு லேபிள். போட்ஸ்வானாவின் ஸ்கின்ஃபிளிண்ட், ஆப்பிரிக்கத் தொன்மக் கதைகளைப் பழைய ஹெவி மெட்டலில் பாடுகிறார்கள், 2012ல் வந்த 'டிபோகோ' நல்ல தொடக்கம். பக்கத்திலேயே என்றால் கண்ணூரின் தி டவுன் ட்ராடன்ஸ். பெங்களூரில் 1998லிருந்து இருக்கும் கிரிப்டோஸ், அப்புறம் பெவார் சீ என்று ஒரு டூம் பேண்ட், அந்தப் பெயரைச் சேர்த்துச் சொன்னால் கன்னடத்தில் என்ன வசை என்று ஓசூர்க்காரர்களைக் கேளுங்கள்.

வீட்டில் இதில் எனக்குக் கிடைத்த ஒரே சீடப்பிள்ளை அக்கா மகள், ஒன்பதாம் வகுப்பு. அவளுக்கு இந்தோனேசியாவின் வாய்ஸ் ஆஃப் பேசெப்ரோட்டைக் காட்டினேன், 2014ல் மேற்கு ஜாவாவின் காருட் பகுதியில் பள்ளிப் படிப்பின்போது தொடங்கிய மூன்று பெண்கள், தலையில் ஹிஜாப், கையில் கிடார், 2022ல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் திருவிழா மேடை வரை போனவர்கள். பேசெப்ரோட் என்றால் சுண்டா மொழியில் இரைச்சல். "மாமா, அப்ப நம்ம வீட்டுக்கு இதான் பேரு" என்றாள். இப்போது டிரம்ஸ் வாங்கித் தரச் சொல்லி அக்காவைப் பிடுங்குகிறாள், அக்கா என்னிடம் பேசுவதில்லை.

அடுத்த வெள்ளிக்கு டோகோ நாட்டின் ஆர்கான் அஸ்ரஃபோகோரைக் குறித்து வைத்திருக்கிறேன், 2024ல் வந்த 'ஜிகு'. எவே மொழியிலும் பாடுகிறார்கள், ஊர்த் தாள வாத்தியங்களும் உண்டாம். இன்னும் முழுதாகக் கேட்கவில்லை. அம்மாவிடம் ஒரு பாட்டு மட்டும் போட்டுக் காட்டினேன், "நாலு தறியும் ஒண்ணா ஓடுது" என்றிருக்கிறார்.