சத்தம் நின்றுவிட்டால் புது ஆக்சில் என்று நம்பிவிடாதீர்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பழைய பி.எம்.டபிள்யூ, மெர்சிடிஸ் மாதிரி பின்சக்கர டிரைவ் வண்டி வைத்திருப்பவர்கள் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். பின் ஆக்சில் (இன்ஜினின் சுழற்சியைப் பின் வீலுக்குக் கொண்டுபோகும் தண்டு) இரண்டும் புதுசு என்று சொல்லி லேபரோடு சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல் வாங்கிக்கொண்டு, என் வண்டியில் இருந்த பழைய ஆக்சிலையே கழுவி, பெயின்ட் அடித்து, திரும்பப் பூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கோவையில் ஓரளவு பெயர் வாங்கிய ஒர்க்‌ஷாப்தான். விவகாரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதால் பெயரை இங்கே போடவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

என்னுடையது 2008 மாடல் பி.எம்.டபிள்யூ 325ஐ (325i). வரிசையாக ஆறு சிலிண்டர், பெட்ரோல், 218 குதிரைசக்தி. அத்தனையும் பின்சக்கரத்துக்குத்தான் போகிறது. இன்ஜின் இன்னும் கல்லு மாதிரி இருக்கிறது, ஆனால் ரப்பருக்கு வயசாகிவிட்டது. ஆக்சிலின் இரண்டு முனையிலும் வீல் மேலும் கீழும் ஆடினாலும் தண்டு சீராகச் சுற்ற உதவும் சி.வி. ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் காய்ந்து கிழிந்தால் உள்ளே இருக்கும் கறுப்பு கிரீஸ் வெளியே தெறித்துவிடும், மண்ணும் தண்ணியும் உள்ளே போகும். அப்புறம் ஜாயின்ட்டுக்குள் குண்டுகள் ஓடுகிற பள்ளங்கள் தேய ஆரம்பிக்கும். என் வண்டியில் ரிம்மின் உள்பக்கமெல்லாம் கிரீஸ். எல் அண்ட் டி பைபாஸில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்னால் அதிரும், காலை எடுத்தால் நின்றுவிடும். இரண்டு ஆக்சிலும் மாற்ற வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது சரியான முடிவு. அதில் பொய் இல்லை.

"ஒரிஜினல் புதுசே போட்டுக்கலாமுங்ணா, பத்து வருசத்துக்குக் கை வைக்க வேண்டாம்" என்றார். வாட்ஸ்ஆப்பிலும் 'நியூ ஒரிஜினல், ரெண்டு சைடும்' என்று ஆடியோ இல்லாமல் எழுத்திலேயே அனுப்பினார். அது இப்போது எனக்குப் பெரிய உதவியாக இருக்கிறது.

வண்டியை எடுத்தபோது சத்தமும் இல்லை, அதிர்வும் இல்லை. கழற்றிய பழைய ஆக்சிலைக் கேட்டேன். "பழைய இரும்புக்குப் போயிருச்சுங்ணா." பில் கேட்டேன். "பில் போட்டா ஜி.எஸ்.டி. ஏறுமுங்ணா" என்று சொல்லி ஒரு எஸ்டிமேட் தாளை நீட்டினார். அதில் 'ரியர் ஆக்சில் ஒர்க்' என்று ஒரே வரி. பார்ட் நம்பர் கிடையாது. பில்லை அனுப்புங்கள் என்று மெசேஜ் போட்டுக்கொண்டே இருந்தேன், வரவே இல்லை.

அப்புறம் ஒருநாள் குடும்பத்தோடு வால்பாறை போனோம். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது வண்டி அருமையாக ஏறியது. திரும்பி இறங்கும்போது பிரேக் சூடாகக் கூடாது என்று கியரைக் குறைத்து, இன்ஜின் பிடியிலேயே இறக்கினேன். பின்னாலிருந்து கரகரவென்று சத்தம். ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டால் நின்றுவிடும், விட்டால் திரும்ப வரும். வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுத்தபோது 'டொக்' என்று ஒரு அடி. முன்பு மிதித்தால் வந்த கோளாறு இப்போது காலை எடுத்தால் வருகிறது.

பொள்ளாச்சியில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், வயசானவர். வண்டியைத் தூக்கி வீலைக் கழற்றியதும் அவர் முதலில் பார்த்தது ஆக்சில் நட்டை. இறுக்கி முடித்ததும் அந்த நட்டின் விளிம்பை ஆக்சிலில் இருக்கும் காடிக்குள் உளியால் ஒரு அடி அடித்து மடக்கிவிட வேண்டும், தானாகக் கழன்று வராமல் இருக்க. ஒரு தடவை கழற்றினால் அந்த நட்டு தூக்கிப்போட வேண்டியதுதான். என் வண்டி நட்டில் இரண்டு மடிப்பு. ஒன்று துரு ஏறிப் பழசாகி நிமிர்த்திவிட்டது, பக்கத்தில் இன்னொன்று பளபளவென்று புதுசு. "ஏங்கண்ணு, இது புது ஆக்சில்னு யாரு சொன்னது? நட்டே மாத்தலையே!" என்றார்.

ஆக்சிலை வெளியே எடுத்து நகத்தால் சுரண்டினார். கறுப்பு பெயின்ட் பொருக்காக உரிந்தது, அடியில் துருக்குழி. பூட் மட்டும் புதுசு, அதுவும் மலிவு ரகம். கிளிப்பை வெட்டி பூட்டை விலக்கினால் உள்ளே மஞ்சள் கிரீஸ், சாதாரண வீல் பேரிங்குக்கு வைப்பது. சி.வி. ஜாயின்ட்டுக்கு மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸ்தான் வைக்க வேண்டும். துடைத்துவிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். ஆறு பள்ளத்திலும் ஒரு பக்கச் சுவர் மட்டும் அரித்துப்போய்ச் சொரசொரவென்று இருந்தது, எதிர்ச் சுவர் நன்றாக இருந்தது.

பித்தலாட்டம் இங்கேதான் இருக்கிறது. வண்டி முன்னால் போகும்போது இன்ஜினின் இழுவை முழுதும் பள்ளத்தின் ஒரு சுவரில்தான் விழும். வருடக்கணக்கில் தேய்வதும் அந்தச் சுவர்தான். ஜாயின்ட்டுகளைக் கழற்றி இடதை வலதிலும் வலதை இடதிலும் பூட்டினால் இழுவை தேயாத சுவருக்கு மாறிவிடும். சத்தமும் அதிர்வும் உடனே நின்றுவிடும். ஆனால் தேய்ந்த சுவர் எங்கும் போய்விடவில்லை. ரிவர்ஸிலும், இறக்கத்தில் இன்ஜின் பிடிக்கும்போதும் பாரம் அதன் மேல் விழும். வால்பாறை இறக்கத்தில் நான் கேட்டது அதைத்தான். கையில் காசில்லாதவருக்கு இதைச் சொல்லிவிட்டு, பூட் விலையும் லேபரும் மட்டும் வாங்கிக்கொண்டு செய்து கொடுத்தால் அது உதவி. புது ஆக்சில் விலை வாங்கிக்கொண்டு செய்தால் திருட்டு.

போய்க் கேட்டேன். முதலில் "சப்ளையர் அப்படிக் கொடுத்துட்டானுங்ணா" என்றார். என் வண்டியின் பழைய ஆக்சிலே பெயின்ட்டுக்குள் இருக்கிறதே என்றதும் "ரீகண்டிஷன்னு சொல்லித்தானுங்க செஞ்சோம்" என்று மாற்றினார். வாட்ஸ்ஆப் மெசேஜைக் காட்டினேன். அன்றோடு என் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். எனக்கு ஆத்திரம் காசுக்காக மட்டும் இல்லை. அந்த இறக்கத்தில் பின் சீட்டில் என் பிள்ளைகள் இருந்தார்கள். திரும்பப் பயன்படுத்திய நட்டை நம்பித்தான் பின் வீல் நின்றுகொண்டிருந்தது.

செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற கார் ரேஸ் டிராக் இருக்கிற ஊர் நம்முடையது. வண்டியைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிற பட்டறைக்காரர்கள் இங்கே நிறைய பேர். அவர்கள் பெயரையும் சேர்த்துத்தான் இந்த மாதிரி ஆட்கள் கெடுக்கிறார்கள்.

நீங்கள் இந்த வேலைக்கு வண்டியை விடப்போகிறீர்கள் என்றால், புது ஆக்சிலைப் பெட்டியோடு பூட்டுவதற்கு முன்னால் காட்டச் சொல்லுங்கள். பி.எம்.டபிள்யூ பார்ட் நம்பர் 11 இலக்கம், பின் ஆக்சிலுக்கு 33 21 என்று ஆரம்பிக்கும். உங்கள் சேஸிஸ் நம்பரின் கடைசி 7 எழுத்தைக் கொடுத்தால் உங்கள் வண்டிக்கு எது என்று சரியாகக் கிடைத்துவிடும். பழைய ஆக்சிலில் வேலை தொடங்கும் முன்பே பெயின்ட் மார்க்கரால் ஒரு குறி போட்டு, போட்டோ எடுத்து, கையோடு திருப்பிக் கேளுங்கள். ஜி.எஸ்.டி. என்று பயமுறுத்தினால், 2025 செப்டம்பர் 22 முதல் வண்டி உதிரிபாகங்களுக்கு 18 சதவீதம்தான் என்று சொல்லுங்கள்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருளுக்கும் செய்த வேலைக்கும் பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிகம். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடலாம். நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். பணம் அனுப்பிய யு.பி.ஐ. விவரம், வாட்ஸ்ஆப் மெசேஜ், பிரித்துப் பார்த்தபோது எடுத்த போட்டோக்கள், பொள்ளாச்சி மெக்கானிக் கைப்பட எழுதிக் கொடுத்த ரிப்போர்ட் எல்லாம் சேர்த்து நான் புகார் தயார் செய்துவிட்டேன்.

வண்டிக்கு இப்போது பில்லோடு வாங்கிய ஜி.கே.என். கம்பெனி ஆக்சில் இரண்டும், புது நட்டும் பூட்டியாகிவிட்டது. சமீபத்தில் கோவையில் பின் ஆக்சில் மாற்றியவர்கள் ஒரு இறக்கத்தில் காலை எடுத்துவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள், வீல் கேப்பைக் கழற்றி நட்டில் எத்தனை மடிப்பு என்று பாருங்கள். இரண்டு இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், ஒர்க்‌ஷாப் எது என்று ஒத்துப்பார்ப்போம்.