பிஎச் 5: பல்பு கண்ணில் படாத விளக்கு

டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் நவம்பர் கடைசியில் நாலு மணி ஆவதற்குள் சூரியன் மறைந்துவிடும். அப்புறம் தூங்கப் போகும்வரை விளக்கை நம்பித்தான் பொழுது ஓடும். அதனால் சாப்பாட்டு மேசைக்கு மேலே பிஎச் 5 என்ற தொங்குவிளக்கு ஒன்றை மாட்ட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. புதிதென்றால் பல ஆயிரம் குரோனர் (டென்மார்க் நாணயம்), நமக்குக் கட்டுப்படியாகாது. பழைய சாமான் கடை ஒன்றில் கிடைத்தது. உள்ளே ஒரு தாங்குகம்பி வளைந்திருந்ததைக் கடைக்காரர் சொல்லவில்லை, வீட்டுக்கு வந்து நானே நிமிர்த்திக்கொண்டேன்.

1958-ல் டென்மார்க் வடிவமைப்பாளர் பௌல் ஹென்னிங்ஸன் வடிவமைத்தது இது. அவர் பெயரின் முதலெழுத்துகள்தான் பிஎச், 5 என்பது 50 சென்டிமீட்டர் விட்டத்துக்கு. மின்சார பல்பு வெளிச்சத்தோடு கண்கூச்சத்தையும் கொண்டுவந்துவிட்டதே என்று 1920-களிலிருந்தே இதற்காக மெனக்கெட்டவர். கவிழ்த்த தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய மாதிரி இருக்கும். மேசையைச் சுற்றி எங்கே உட்கார்ந்தாலும் பல்பு தெரியாது, வெளிச்சம் அலுமினியத்தில் பட்டுத் திரும்பித்தான் நம்மிடம் வரும். பெரும்பகுதி கீழே மேசைக்கு, கொஞ்சம் பக்கவாட்டில், எதிரே இருப்பவர் முகத்துக்கு. உள்பக்கம் சிவப்பும் நீலமும் பூசியிருப்பது அழகுக்காக மட்டும் இல்லை. நம் கண்ணுக்கு மஞ்சளும் பச்சையும் தூக்கலாகத் தெரியும், சிவப்பும் நீலமும் அந்த அளவுக்குத் தெரியாது, அந்த இரண்டையும் கொஞ்சம் கூட்டினால் வெளிச்சம் இதமாகும் என்பது அவர் கணக்கு.

இதன் அருமை எனக்குப் புரிந்தது எவர்சில்வர் தட்டில்தான். முன்பு இருந்த கண்ணாடிக் குடுவை விளக்கில் பல்பு அப்படியே தட்டில் பளீரென்று மின்னி, குனிந்து சாப்பிடும்போதெல்லாம் கண்ணைக் குத்தும். இப்போது தட்டின் விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடுகிறது, அவ்வளவுதான். ரசத்தில் மிதக்கும் கடுகுகூடத் தெளிவாகத் தெரிகிறது.

ஆனால் உயரம் முக்கியம். தலையில் இடிக்குமே என்று நான் முதலில் மேலே ஏற்றி மாட்டினேன், மேசையும் மங்கல், அறையும் மங்கல், ஏமாந்துவிட்டோமோ என்றே தோன்றியது. மேசையிலிருந்து ஏறக்குறைய 60 சென்டிமீட்டருக்கு இறக்கிய பிறகுதான் விளக்கு விளக்காக ஆனது. பல்பும் அப்படித்தான்: மலிவாக வாங்கிய வெள்ளை எல்இடி போட்டதில் சோறு நீலம் பாய்ந்தது போல இருந்தது. 2700 கெல்வின் என்று போட்டிருக்கும், இளமஞ்சள் வெளிச்சம் தரும் பல்பைப் போடுங்கள். பல்பு கம்பெனிகள் வடிவத்தை மாற்றிக்கொண்டே இருந்ததில் வெறுத்துப்போய், எந்த பல்பு போட்டாலும் கூசாதபடிதான் இதைச் செய்தார் ஹென்னிங்ஸன், ஆனால் நிறத்தை நாம்தான் பார்த்துப் போட வேண்டும்.

ஒரே விளக்கில் முழு அறையும் ஜெகஜ்ஜோதியாக வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது, மூலைக்கு வேறு விளக்கு வைத்தே ஆக வேண்டும். தட்டுகளின் மேல்பக்கம் தூசி படியும், மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கிறேன்.

ஊரிலிருந்து அம்மா வந்தபோது, “என்னடா மூலையெல்லாம் இருட்டா இருக்கு?” என்றுதான் முதலில் கேட்டார். அவருக்குக் கண்புரை, வெறும் பல்பைப் பார்த்தாலே கையால் கண்ணை மறைத்துக்கொள்வார். மூன்றாம் நாள் பார்த்தால், ராத்திரி எட்டு மணிக்கு அந்த மேசையில் செய்தித்தாளை விரித்து நிதானமாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.