பாலிடெக்னிக்கா, ஐடிஐயா, பிளஸ் ஒன்னா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே அக்கா போன் செய்தாள். "இவனுக்குக் கணக்கு சுத்தமா வரலடா. பேசாம உன்ன மாதிரி பாலிடெக்னிக்லயே சேத்துவிட்டுறவா?"

கணக்கு வராதவர்கள் போகும் இடம் பாலிடெக்னிக் என்று யார் கிளப்பிவிட்டார்களோ! நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். முதல் வருடத்தில் பாதிக்கு மேல் பொதுப் பாடங்கள்தான்: தமிழ், ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், அப்புறம் கணக்கு. அணிக்கோவை, முக்கோணவியல், வகையிடல், தொகையிடல் என்று பிளஸ் ஒன்னிலும் பிளஸ் டூவிலுமாக இரண்டு வருடம் நடத்துவதில் பெரும்பகுதியை அவசர அவசரமாக ஓட்டிவிடுவார்கள். தமிழ் வழியில் படித்து வந்த பையனுக்கு அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் வேறு. எங்கள் செட்டில் பாதியில் நின்றவர்கள் யாரும் லேத்தை (கடைசல் மெஷினை) பார்த்துப் பயந்து நிற்கவில்லை. கணக்கு அரியர் சேர்ந்து சேர்ந்து நின்றார்கள்.

சரி, பிளஸ் ஒன்னில் ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தால்? அண்ணா பல்கலைக்கழக கவுன்சிலிங் கட்ஆஃப் 200க்குக் கணக்கிடுகிறார்கள். அதில் கணக்குக்கு மட்டும் 100. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. ஆக, இன்ஜினியர் ஆகவேண்டுமென்றால் எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் கணக்கு வாசலில் நிற்கும்.

வருடக் கணக்கு சுவாரசியமானது. பிளஸ் டூ 2, பி.இ. 4, மொத்தம் ஆறு. டிப்ளமோ 3, அதன்பின் லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டு, அது 3. இதுவும் ஆறுதான். வித்தியாசம் நடுவில் இருக்கிறது. டிப்ளமோ முடித்த பையன் பதினெட்டு, பத்தொன்பது வயதில் குடும்பத்துக்கு ஒரு கஷ்டம் என்றால் அப்படியே வேலைக்குப் போய்விடலாம். ரயில்வேயில் ஜூனியர் இன்ஜினியர் பதவிக்கு விண்ணப்பம் போடலாம். பிளஸ் டூ சர்டிபிகேட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் எட்டிப்பார்க்க முடியாது. அதற்குப் பதிலாக பிளஸ் டூ வேறு கதவுகளைத் திறந்துவைக்கும்: பி.காம்., சட்டம், நர்சிங், உயிரியல் எடுத்திருந்தால் நீட். என்ன ஆகப்போகிறோம் என்றே தெரியாத பிள்ளைக்கு பிளஸ் ஒன்தான் பத்திரம். நடுத்தர வீடுகளில் பெரும்பாலான பிள்ளைகள் இந்த ரகம்தான், தப்பில்லை.

லேட்டரல் என்ட்ரியின் இன்னொரு முகத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் அப்படித்தான் பி.இ. போனேன். நேராக மூன்றாம் செமஸ்டர். முதல் வாரமே போர்டில் ஃபூரியர் தொடர். கூடப் படிக்கும் பையன்கள் முதலாண்டில் இரண்டு கணக்குப் பேப்பர் முடித்துவிட்டு வந்திருந்தார்கள். எனக்கு அந்த ஆண்டே இல்லை. வாத்தியாரோ "இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். மெஷின் டிராயிங்கில் அவர்கள் என்னிடம் வந்து கேட்பார்கள், கணக்கில் நான் அவர்களிடம் போய் நிற்பேன். அந்தப் பேப்பரை மூன்றாவது தடவையில்தான் பாஸ் செய்தேன்.

ஆனால் டிப்ளமோவில் கை பழகிய விஷயம் போகவே போகாது. ஒர்க்‌ஷாப்பில் முதலில் ஒரு மைல்டு ஸ்டீல் பிளேட்டைக் கொடுத்து, அரத்தால் ராவி விளிம்பை நேராக்கச் சொன்னார்கள். ராவி முடித்து ட்ரை ஸ்கொயரை (செங்கோணம் பார்க்கும் மட்டத்தை) வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்க்கவேண்டும். நடுவில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் மறுபடி ராவு. நான் நாலு நாள் ராவினேன். உள்ளங்கை கொப்பளித்து, மோதிர விரலில் பிசிர் கிழித்து, ஐந்தாம் நாள் வெளிச்சம் அடங்கியது. எந்தப் பரீட்சையில் பாஸ் ஆனபோதும் அந்தச் சந்தோஷம் வந்ததில்லை.

இந்தச் சந்தோஷம் மட்டும் போதும், கணக்கு ஆளை விடட்டும் என்பவனுக்கு உரிய இடம் ஐடிஐ. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர் எல்லாம் இரண்டு வருடம், வெல்டர் ஒரு வருடம். அங்கும் கணக்கு உண்டு, ஆனால் 'ஒர்க்‌ஷாப் கால்குலேஷன்' என்ற பெயரில் பரப்பளவு, எடை, சதவீதம் என்று வேலைக்கு வேண்டிய அளவோடு நிற்கும். அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் ஆயிரம் ரூபாய் ஐடிஐக்கும் டிப்ளமோவுக்கும் பொருந்தும். டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐக்களில் ரோபோ, சிஎன்சி (கம்ப்யூட்டர் சொல்படி ஓடும் மெஷின்) என்று இறக்கியிருக்கிறார்கள். ரயில்வே உதவி லோகோ பைலட் (ரயில் இன்ஜின் உதவி ஓட்டுநர்) தேர்வுக்குப் பத்தாவதோடு ஐடிஐ போதும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: இரண்டு வருட ஐடிஐ முடித்தவன் நேராக டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரலாம். முதலாண்டு கணக்கு அவனைத் தொடாது. பின்னால் தேவைப்படும்போது கொஞ்சம் திணறுவான், அதை மறைக்க விரும்பவில்லை. அந்த வழியில் பி.இ. வரை போனால் ஏழு வருடம், ஒரு வருடம்தான் கூடுதல்.

இதையெல்லாம் சொன்னதும் அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஐடிஐன்னு சொன்னா சொந்தக்காரங்க என்னடா நினைப்பாங்க?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. போனைப் பையனிடம் கொடுக்கச் சொன்னேன்.

"நீ என்னடா பண்ணிட்டிருக்க?"

"மிக்ஸி ஓடல மாமா. பிரிச்சு வெச்சிருக்கேன். கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கு."

எலக்ட்ரீஷியன் டிரேடுக்கு எப்போது அப்ளிகேஷன் போடுவது என்று அக்காவே மறுநாள் கேட்டாள்.