கால்பந்துக் கலவரக்காரர்களுக்குச் சிறையா, மைதானத் தடையா?

1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸின் ஹைசல் மைதானத்தில், ஆட்டம் தொடங்கும் முன்பே இங்கிலாந்தின் லிவர்பூல் கழக ரசிகர்கள், எதிரணியான இத்தாலியின் யுவென்டஸ் கழகத்தின் கூட்டத்தின் மீது பாய்ந்தார்கள். நெரிசலில் சுவர் இடிந்து 39 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் இத்தாலியர்கள். தீர்ப்பு வர 1989 ஆனது. பெல்ஜிய நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற ரசிகர்கள் 14 பேர். ஆளுக்கு மூன்றாண்டு, அதிலும் பாதி நிறுத்திவைக்கப்பட்டது.

குற்ற வழக்கின் சங்கடம் இதுதான். கலவரம் செய்வது கூட்டம். கூண்டில் நிற்பது தனி ஆள். இங்கிலாந்தின் 1986ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டத்தில் கலவரத்துக்கு 10 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் குறைந்தது 12 பேர் ஒரே நோக்கத்தோடு வன்முறையில் இறங்கினார்கள் என்று காட்ட வேண்டும். மூன்று பேரே போதும் என்கிற வன்முறை ஒழுங்கீனப் பிரிவில் உச்சத் தண்டனை 5 ஆண்டு. எந்தப் பிரிவானாலும், கேமராவில் தெரியும் முகமூடிக்காரன் இவன்தான் என்று சந்தேகத்துக்கு இடமின்றி நிறுவியாக வேண்டும். ஒரே நிறச் சட்டையில் ஆயிரம் பேர் நிற்கும் இடத்தில் அது லேசான வேலையா?

தடை ஆணை வேறு வழியில் போகிறது. நடந்ததற்குத் தண்டிப்பதை விட, அடுத்த ஆட்டத்தில் ஆளை வரவிடாமல் செய்வதே அதன் குறி. 2000இல் பெல்ஜியத்தின் ஷார்ல்ரவா நகரில் இங்கிலாந்து ரசிகர்கள் நடத்திய அமளிக்குப் பிறகு, தண்டனை பெறாதவர்கள் மீதும் காவல் துறையின் மனுவை ஏற்று நீதிமன்றம் தடை விதிக்கலாம் என்று இங்கிலாந்தில் சட்டம் வந்தது. வெளிநாட்டில் ஆட்டம் என்றால் பாஸ்போர்ட்டைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை. சில நாள் சிறையை வீரப் பதக்கமாகக் காட்டித் திரிபவனுக்கு, உலகக் கோப்பை நடக்கும் மாதத்தில் வீட்டில் கிடப்பதுதான் உறைக்கும்.

குற்றம் நிரூபிக்காமலே ஒருவரைக் கட்டிப்போடுவது நியாயமா என்ற கேள்வி சும்மா எழவில்லை. 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லும் என்றது. உரிமையியல் நடவடிக்கைதான் என்றாலும், ஆதாரம் ஏறக்குறைய குற்ற வழக்கின் தரத்தில் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. எனக்கு இந்த முறை பிடிப்பதற்கு அந்த நிபந்தனையே காரணம்.

இத்தாலியின் ‘டாஸ்போ’வில் அந்தக் காப்பு மெலிந்திருக்கிறது. 1989இல் வந்த அந்தத் தடையை மாகாணக் காவல் தலைவரே விதிக்கிறார். ஆட்ட நேரத்தில் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்ற கட்டளைக்கு மட்டும் நீதிபதியின் ஒப்புதல் வேண்டும். வேகம் உண்டு, புகார் சொல்பவரும் முடிவெடுப்பவரும் ஒரே துறை. ஜெர்மனியில் தடை கழகங்களின் கையில். யாரை உள்ளே விடுவது என்பது இடத்துக்காரரின் உரிமை என்ற வாதம் எடுபட்டாலும், மனம்போன போக்கில் ஆளை ஒதுக்கக் கூடாது, ஏற்கத்தக்க காரணம் வேண்டும் என்று அரசமைப்பு நீதிமன்றம் 2018இல் வரம்பு கட்டியது. கழகத்தின் தடை மைதான வாசலோடு முடிகிறது. ரயில் நிலையத்துச் சண்டைக்கு அது உதவாது.

என் தேர்வு இங்கிலாந்தின் தடை ஆணை. ஆனால் கத்திக்குத்துக்கும் மண்டை உடைப்புக்கும் வெறும் தடையோடு விட்டுவிடுவது சலுகை. அங்கே எத்தனை மாதம் ஆனாலும் வழக்கை நடத்தி, தண்டனையோடு சேர்த்தே தடையும் வாங்க வேண்டும். சட்டம் இரண்டுக்கும் இடம் தருகிறது.